நெடும்பயணமும் உடலின் நாழிகையும்

சாணக்யபுரியில் இரவு பதினொரு மணிக்கு மேல் சாந்தி பாதையில் நின்று பார்த்தால், மாளிகைகளின் வாயில்களிலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் பாலம் விமான நிலையத்தை நோக்கி விரைவதைக் காணலாம். மேல்நாடுகளுக்குச் செல்லும் விமானங்களிற் பல நள்ளிரவுக்குப் பின்னரே புறப்படுகின்றன. அவற்றில் ஏறுவோர் அரசாங்கத் தூதர்கள் மட்டும் அல்லர். வணிகர்களும் மாணவர்களும் உளர். மகளின் பிரசவத்துக்கென்று ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டு போகும் நம் தமிழ்ப் பெற்றோர்களும் உளர். பெட்டியின் எடையைப் பன்முறை நிறுத்துப் பார்க்கும் இவர்கள், தம் உடல் இப்பயணத்தை எவ்வாறு ஏற்கும் என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பது அரிது.

நாமும் அவ்வாறே இருந்தவர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுவினருடன் லண்டன் சென்று, பத்து நாட்கள் தங்கித் திரும்பினோம். காலையில் டில்லியில் இறங்கினோம். அன்று மாலைக்குள் ஓர் அறிக்கையை மொழிபெயர்த்துத் தர வேண்டியிருந்தது. காபியின் துணைகொண்டு முடித்தும் தந்தோம். மூலத்தில் ஐம்பதாயிரம் டன் என்றிருந்தது நம் கையில் பதினைந்தாயிரம் டன் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இவ்விரண்டு எண்களும் ஒலியால் நெருங்கியவை. ஆயினும் இருபது ஆண்டு அநுபவம் உள்ளவர் செய்யத்தக்க பிழை அன்று அது. மறுநாள் ஒப்புநோக்கிய மூத்த சகா அதைக் கண்டு திருத்தினார். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நேற்று நீங்கள் இந்தத் தாளைத் தொட்டிருக்கவே கூடாது" என்று மட்டும் சொன்னார். நமக்குக் காய்ச்சல் இல்லை, தலைவலியும் இல்லை. நலமாக இருக்கிறோம் என்றே நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையே பிழைக்குக் காரணம்.

இந்நகர்ப் பகுதி எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தச் சாணக்கியர் இதனை உணர்ந்தவர் போலும். கௌடில்யர் என்ற பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரம், அரசனின் பகலையும் இரவையும் தனித்தனியே எட்டுக் கூறுகளாக வகுத்து, உறக்கத்துக்கும் உரிய கூறுகளை ஒதுக்குகிறது. தூதன் தனித்தே உறங்க வேண்டும் என்றும், மதுவை விலக்க வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. உறக்கத்திலும் மயக்கத்திலும் மனத்திலுள்ளது வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கூறும் காரணம். அன்றைய தூதன் குதிரையிலும் தேரிலும் சென்றான். நாளுக்குச் சில காதம் நகர்ந்த அவன் உடலுக்குச் சூரியனோடு பிணக்கு ஏற்படவில்லை. இன்று நாம் ஒரே இரவில் 26 நாழிகை தூரத்தைத் தாண்டி விடுகிறோம். குளிர்காலத்தில் டில்லிக்கும் நியூயார்க்குக்கும் உள்ள பத்தரை மணி நேர வேறுபாட்டையே இவ்வாறு கூறினோம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் இருப்பது வெறும் உவமை அன்று. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அதன் தலைமையிடம் உள்ளது. உறக்கம், பசி, உடலின் வெப்பம் ஆகியவற்றை அது நெறிப்படுத்துகிறது. அதன் நுண்ணிய இயக்கத்தை ஆராய்ந்து விளக்கிய அமெரிக்க விஞ்ஞானிகளான ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. கைக்கடிகாரத்தின் முள்ளை நொடியில் திருப்பிவிடலாம். உட்கடிகாரமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கி வரும்போது இன்னும் மெதுவாகவே நகரும்.

அதனைத் திருத்தும் கருவி வெளிச்சமே. லண்டன் செல்வோர் அங்கு மாலை வெளிச்சத்தில் உலவி, உள்ளூர் இரவு வரை விழித்திருக்க முயல்வது நன்று. திரும்பும்போதுதான் பலர் தவறு செய்கின்றனர். டில்லியில் காலை எட்டு மணி ஆகும்போது, லண்டனுக்குப் பழகிய உடலுக்கு அது நள்ளிரவு கடந்த வேளை. அப்போது கண்ணில் படும் கடும் வெயில் உட்கடிகாரத்தை முன்னே தள்ளாமல் பின்னுக்கு இழுத்துவிடும். ஆகவே முதல் இரண்டு நாட்கள் காலை பத்து, பத்தரை மணி வரை வெயிலைத் தவிர்த்து, அதன்பின் நேரு பூங்காவிலோ வீட்டு மாடியிலோ வெளிச்சத்தில் நடப்பதே பயன் தரும். பிற்பகலில் உறக்கம் மிகுந்தால் அரைமணி நேரம் கண்ணயரலாம், அதற்குமேல் வேண்டா. இரண்டு மூன்று நாட்களில் திரும்பிவிடுவோர் உட்கடிகாரத்தை மாற்ற முயலாமல், கூடியவரை ஊர் நேரப்படியே உண்டு உறங்குவதும் ஒரு வழி.

அடுத்துக் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1940-ஆம் ஆண்டில் லண்டன் மாநகர் மீது குண்டுகள் பொழிந்தபோது, மக்கள் சுரங்கப் புகலிடங்களில் இரவு முழுவதும் நாற்காலிகளிலேயே அமர்ந்திருந்தனர். அவர்களிற் சிலர் கால் நரம்பில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலைச் சென்று அடைத்ததால் மாண்டனர் என்பதைக் கீத் சிம்ப்ஸன் என்ற மருத்துவர் எடுத்துக் காட்டினார். விமானத்திலும் ரயிலிலும் பஸ்ஸிலும் இதே அபாயம் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இது ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவே ஆதலால் அஞ்ச வேண்டுவதில்லை, அலட்சியமும் கூடாது. டில்லியிலிருந்து சென்னை வரை 2,180 கிலோமீட்டர் தூரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் செல்லும் நாம், கால் நீட்டிப் படுக்கிறோம், பெட்டிக்குள் நடக்கிறோம், நிலையத்தில் இறங்கித் தேநீர் அருந்துகிறோம். விமானத்திலோ ஒன்பது மணி நேரம் அசையாமல் இருந்துவிடுகிறோம். மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், இருக்கையிலேயே கணுக்காலை மடக்கி நீட்டுவதும் அவசியம். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், கருவுற்றோர், முன்பு இரத்தம் உறைந்த நோய் கண்டோர் ஆகியோர் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். பயணம் முடிந்த சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ தாமதமின்றி மருத்துவமனையை நாட வேண்டும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் பெரும்பாலும் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் உள்ளது போன்றது. ஏறத்தாழ உதகமண்டலத்தில் அமர்ந்திருப்பதற்கு ஒப்பாகும். ஆனால் ஈரம் மட்டும் உதகையினது அன்று. டில்லியில் லூக்காற்று வீசும் மே மாதப் பிற்பகலினது. தொண்டையும் கண்ணும் வறளும். அடிக்கடி சிறிது தண்ணீர் பருகுக. மதுவை உறக்க மருந்தெனக் கருதுவோர், அது உறக்கத்தைக் கெடுப்பதை அறிக. முன் உண்டது செரித்த பின்னரே உண்ண வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தும் அறிவுரை, நள்ளிரவில் தட்டு வந்து நிற்கும்போது நினைக்கத்தக்கது. நீரிழிவு உடையோர் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடும் வேளையை எவ்வாறு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து புறப்பட்ட 'மலபார் பிரின்ஸஸ்' விமானம், கெய்ரோவிலும் ஜினீவாவிலும் தங்கியே லண்டன் சேர்ந்தது. அந்த இடைத்தங்கல்கள் இன்று இல்லை. விமானம் தராத ஓய்வை நாமே நமக்குத் தந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இறங்கிய நாளை வேலை நாளாகக் கணக்கிடாமல், பயணத்தின் கடைசி நாளாகக் கணக்கிடுவோமாக. கையெழுத்து, கணக்கு, கார் ஓட்டுதல் ஆகியவற்றை மறுநாளைக்கு ஒத்திவைப்போமாக. அந்த மூத்த சகா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் திருத்திய தாளின் நகல் இன்னும் நம் மேசை அறையில் இருக்கிறது. பயணம் முடிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அதனை எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பேனாவைத் திறக்காமல் வீடு திரும்புகிறோம்.