எந்திரம் யாருக்கு ஓய்வு தந்தது?

(கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுரங்க வேலையில் எந்திரமும் கணினியும் புகுந்தது பற்றிப் பேசச் சொன்னீர்கள். தலித் அமைப்புக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். மண்ணுக்குள் இறங்குகிற வேலை இந்த நாட்டில் யார் தலையில் கட்டப்பட்டது என்று யோசிச்சுப் பாருங்க, இது நம்ம விஷயம்தான்னு புரியும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்றொரு இரும்புத்தாதுப் பகுதி. ரியோ டின்டோ கம்பெனி அங்கே 2008-ல் டிரைவர் இல்லாத லாரிகளை ஓட்டிப் பார்க்கத் தொடங்கியது. 2018-லிருந்து தாது ஏற்றிய ரயிலும் டிரைவர் இல்லாமல் ஓடுகிறது. கவனிக்கிறவர்கள் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரத்தில் ஏ.சி. அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். புழுதியும் வெயிலும் அவர்கள் மேல் படாது. அந்த அளவில் நல்லதுதான்.

இங்கே என்ன நடக்குது? கோல் இந்தியாவை எடுத்துக்குங்க. 2000-களின் தொடக்கத்தில் அதன் நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். 2024-ல் 2.3 லட்சம்கூட இல்லை. அப்போது ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கும் கீழே இருந்த உற்பத்தி, 2023-24-ல் 77 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஆழ்சுரங்கங்கள் குறைந்து, திறந்தவெளிச் சுரங்கங்களில் ராட்சத பொக்லைன்களும் டம்பர்களும் வந்தன. அவற்றோடு ஒப்பந்தக்காரரும் வந்தார். பொதுத்துறையின் நிரந்தர வேலையில் இடஒதுக்கீடு உண்டு. ஒப்பந்தக்காரர் வைத்துக்கொள்கிற ஆளுக்குக் கிடையாது. வேலை போகும்போது இடஒதுக்கீடும் சத்தமில்லாமல் கூடவே போய்விடுகிறது.

எங்கள் வங்கித் துறையில் கணினி சும்மா நுழைந்துவிடவில்லை. 1983-லும் 1993-லும் சங்கங்கள் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. அதன் பலனை, பிற்பாடு வேலைக்கு வந்த நானும் அனுபவிக்கிறேன். பேனா பிடித்தவனுக்குக் கிடைத்த அந்தப் பேச்சுவார்த்தை மேசை, மண்வெட்டி பிடித்த ஒப்பந்தக் கூலிக்கு எங்கே இருக்கிறது?

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து நம் ஜனங்கள் பண்ணையார் பிடியை உதறிவிட்டுப் போன இடம் அது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அங்கே போய்விட்டது. பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்ததே 1905-ல்தான். காற்றழுத்தத்தில் ஓடுகிற துளைக்கருவியும் வந்தது. உளியும் சம்மட்டியும் செய்ததைவிடப் பல மடங்கு வேகம். பாறைத் தூசியும் அதே வேகத்தில் பறந்தது. 1940-களில் சோதித்துப் பார்த்த தொழிலாளர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் நெஞ்சில் சிலிகோசிஸ். வேகம் கம்பெனிக்கு, தூசி நமக்கு.

அதற்காக நம் ஜனம் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஆளை அடையாளம் வைத்துக் கண்காணிக்கக் கைரேகைப் பதிவு கொண்டுவந்தபோது, 1930-ல் பல்லாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் தங்கம் அருகிவிட்டது, நட்டம் என்று சொல்லி 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைடு மண்மேடு ஊரில் தங்கிவிட்டது. பிள்ளைகள் பிழைப்புக்காக விடிகாலையில் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள்.

எந்திரம் தோற்கிற இடத்தையும் சொல்லணும். 2023 நவம்பரில் உத்தரகாண்ட் சில்க்யாரா மலைச் சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர்கள் 17 நாள் சிக்கிக் கிடந்தார்கள். அமெரிக்காவில் செய்த துளையிடும் எந்திரம் உடைந்து நின்றது. அப்புறம் யாரைக் கூப்பிட்டார்கள்? எலிவளைத் தொழிலாளர்களை. ஆபத்து என்று 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மேகாலயச் சுரங்கங்களில் தடைசெய்த அதே முறை. முஸ்லிம்களும் தலித்துகளுமான அந்த ஆட்கள் இரண்டரை அடிக் குழாய்க்குள் ஊர்ந்து போய், கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கையால் தோண்டி, 41 உயிரையும் மீட்டார்கள். நாடே மாலை போட்டது. மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, 2024 பிப்ரவரியில் அவர்களில் ஒருவருடைய வீடு தில்லியில் ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடிக்கப்பட்டது.

அப்போ எந்திரமே வேண்டாமா? அண்ணல் அம்பேத்கர் அப்படிச் சொல்லவில்லை. தொழிலாளர் துறை உறுப்பினராக 1943-ல் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்கே நேரில் போய்ப் பார்த்தவர் அவர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது பற்றி 1945-ல் எழுதிய நூலில், காந்தியின் எந்திர எதிர்ப்பை அவர் ஏற்கவில்லை. மாடாய் உழைக்கிறவனுக்கு ஓய்வும் சிந்திக்க நேரமும் எந்திரத்தால்தான் வரும். கோளாறு எந்திரத்தில் இல்லை, லாபத்தை ஒரு சிலரே சுருட்டிக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

ஆகவே நாம் எந்திரத்தை உடைக்கப் போவதில்லை, கணக்குக் கேட்கப் போகிறோம். ஆளைக் கொல்கிற வேலைக்கு எந்திரம் முதலில் வரட்டும், மலக்குழி உட்பட. வேலை இழப்பவருக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடு. ஒப்பந்த வேலையிலும் இடஒதுக்கீடு கொடு. ஏ.சி. போட்ட கட்டுப்பாட்டு அறையில் எங்கள் பிள்ளைக்கும் நாற்காலி போடு. தூசியைத் தின்ற தலைமுறைக்குப் பிறந்தவர்கள் நாம். கேட்க நமக்கு உரிமை இருக்கு.

ஜெய்பீம்.