கட்டைவிரல் ஆட்டம்

(ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'இந்தியாவில் வீடியோ கேம் தொழில்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மூத்த தோழர் ஒருவர் வாசலிலேயே மடக்கிக் கேட்டார். “ஏம்ப்பா, வேங்கைவயலுக்கு இன்னும் நீதி கிடைக்கல. நீ இங்க வந்து பசங்களுக்கு வெளையாட்டைப் பத்திப் பேசப் போறியா?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

விளையாட்டு நமக்கு என்றைக்காவது வெறும் விளையாட்டாக இருந்திருக்கிறதா? கபடியில் ஊர்த்தெரு அணியை ஜெயித்ததற்காக அடி வாங்கிய கதை இந்த அரங்கத்தில் பாதிப் பேரிடம் இருக்கும். கோப்பையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெரு வழியாகப் போகலாம், எந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது என்பது நமக்குத் தெரியும். எனவே விளையாட்டைப் பற்றிப் பேசுவதும் சாதியைப் பற்றிப் பேசுவதும்தான்.

நான் பார்த்த முதல் வீடியோ கேம் ஒரு ஜன்னல் வழியாக. எனக்கு எட்டு, ஒன்பது வயசு இருக்கும். ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் 'டிவி கேம்' வாங்கியிருந்தார்கள். மஞ்சள் கேசட்டைச் செருகினால் மரியோ ஓடும், கான்ட்ராவில் துப்பாக்கி வெடிக்கும். கேசட் மேலே '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். திருப்பித் திருப்பி அதே நாலு ஆட்டம்தான் வரும். அந்த வீட்டுப் பையன் என் வகுப்புதான். பள்ளிக்கூடத்தில் என் தோளில் கை போடுவான். வீட்டில் திண்ணை வரைக்கும்தான் நான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். “டேய், இப்பக் குதி, இப்பச் சுடு” என்று வெளியிலிருந்து நான் சொல்லுவேன், அவன் உள்ளே ஆடுவான். எந்த இடத்தில் பள்ளம் வரும், எந்தக் கல்லுக்குள் காசு இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஆட்டம் எனக்குத் தெரியும், பொத்தான் அவன் கையில். இந்திய வீடியோ கேம் தொழில் முப்பது வருசமாக எப்படி வளர்ந்தது என்று படிக்கப் படிக்க, அந்த ஜன்னல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இதை விளக்க ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்வங்கர் பாலு. 1876இல் தார்வாரில் பிறந்தவர். தோல் வேலை செய்கிற சமார் சாதி. புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்துக்கு மைதானத்தை உருட்டுவதும் வலை கட்டுவதும் அவர் வேலை. பயிற்சிக்குப் பந்து போட ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். மணிக்கணக்காகப் பந்து போட்டார். அந்தக் கிளப்பில் ஒரு தடவைகூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பிற்பாடு இந்துக்கள் அணிக்கு அவர் தேவைப்பட்டார். மைதானத்தில் அவர் போட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் நேரத்தில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர்தான். அணித் தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. (அதே பாலு 1932இல் எந்தப் பக்கம் நின்றார், 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று எப்படித் தோற்றார் என்பது தனிக் கதை. இன்னொரு நாள் பேசுவோம்.)

பந்து போடலாம், மட்டை பிடிக்கக்கூடாது. இதுதான் விதி. உலகச் சந்தையில் இந்திய வீடியோ கேம் தொழிலுக்கும் இதே விதிதான் வகுக்கப்பட்டது.

1997இல் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் தொடங்கியது. 2004இல் குர்கானில் லக்ஷ்யா டிஜிட்டல். இவர்களின் முக்கிய வேலை வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்டத்துக்குத் துண்டு துண்டாகப் பொருள் செய்து கொடுப்பது. ஒரு காரின் முகப்பு விளக்கு, ஒரு கோட்டையின் செங்கல், ஒரு சிப்பாயின் பூட்ஸ். மைக்ரோசாப்ட்டின் ஃபோர்சா பந்தய ஆட்டத்தில் ஓடுகிற கார்களில் துருவாவின் உழைப்பு இருக்கிறது. கதை யாருடையது, கதாநாயகன் யார், லாபம் யாருக்கு என்பதெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தீர்மானமாகும். 2014இல் லக்ஷ்யாவை அயர்லாந்தின் கீவேர்ட்ஸ் வாங்கிக்கொண்டது. ஜிடிஏ ஆட்டத்தின் ராக்ஸ்டார் 2019இல் துருவாவை 79 லட்சம் டாலருக்கு வாங்கியது.

ஒரே ஒரு தடவை மட்டை கைக்கு வந்தது. பிரான்சின் யூபிசாஃப்ட் கம்பெனி, 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் பழைய ஆட்டம் ஒன்றைப் புதுப்பிக்கும் முழுப் பொறுப்பை அதன் புனா, மும்பைக் கிளைகளுக்குக் கொடுத்தது. 2020 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் படம் மோசம் என்று சிரித்தார்கள். 2022இல் வேலையைப் பிடுங்கிக் கனடாவின் மான்ட்ரியல் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். பாலு பந்து போட்ட அதே புனா, தோழர்களே.

இதைக் கேட்டு 'ஐயோ, இந்தியனை ஏமாற்றிவிட்டார்கள்' என்று தேசியவாதி அழலாம். நாம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து அழ வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் இந்தியக் கம்பெனிக்கு ஜன்னலைக் காட்டுகிறான் என்றால், அந்த இந்தியக் கம்பெனி நமக்கு எதைக் காட்டுகிறது? இந்தக் கலையைக் கற்றுக்கொடுக்கும் தனியார் நிறுவனங்களில் லட்சக்கணக்கில் கட்டணம். படித்து முடித்தாலும் தனியார் துறையில் இட ஒதுக்கீடு கிடையாது. ஆட்டத்தின் மேலே வெள்ளைக்காரன், அதற்குக் கீழே ஆதிக்க சாதி நிர்வாகி. நம்மவர்கள் எங்கே இருக்கிறோம்? வாங்குகிற இடத்தில். வாடிக்கையாளராக.

இதுதான் நான் சொல்ல வந்த இரண்டாவது விஷயம். 2016இல் ஜியோ வந்தது, டேட்டா மலிவானது. டிவி கேம் வாங்க வக்கில்லாத தெருவிலும் செல்போன் வந்துவிட்டது. 2018இல் பப்ஜி வந்ததும் மந்தைவெளியில் பையன்கள் நாலு நாலு பேராகக் குனிந்து உட்கார்ந்தார்கள். அங்கேயும் ஏற்றத்தாழ்வு வந்தது பாருங்கள். விலை கூடின போன் வைத்திருப்பவனுக்குப் பப்ஜி, மலிவுப் போன் வைத்திருப்பவனுக்கு ஃப்ரீ ஃபயர். “ஃப்ரீ ஃபயர் ஆடுற பயலா நீ” என்பது ஒரு வசவாகவே ஆனது. 2020 செப்டம்பரில் சீனத் தொடர்பு என்று பப்ஜியைத் தடை செய்தார்கள். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை. பப்ஜி 2021இல் பெயரை மாற்றிக்கொண்டு வந்து, 2022இல் மறுபடி போய், 2023இல் மறுபடி வந்தது. எல்லையில் ராணுவ மோதல் என்றால் சேரியில் ஒரு பையனின் ஆட்டம் நின்றுவிடும். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உயிரை எடுத்தது வேறு ஆட்டம்.

நான் வங்கியில் எழுத்தர். ஊர், பேர் சொல்ல மாட்டேன். ஒரு அம்மா பாஸ்புக்கில் வரவு செலவு பதிய வந்தார்கள். நூறு நாள் வேலைக் கூலியும், கல்லூரியில் படிக்கிற மகனின் உதவித்தொகையும் வருகிற கூட்டுக் கணக்கு. புத்தகத்தை மெஷினில் விட்டேன். பக்கம் நிறைந்தது, திருப்பினேன், நிறைந்தது, திருப்பினேன். 50, 100, 50, 200, 500. எல்லாம் ராத்திரியில் போயிருக்கிற பணம். எல்லாம் ரம்மி. கடைசி வரியில் மிச்சம் 11 ரூபாய் சொச்சம். “ஏன் தம்பி, மெசினு தப்பா அடிக்குதா?” என்று அந்தம்மா கேட்டார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. பணம் எடுக்கிற சீட்டில் முன்கூட்டியே வைத்த கைநாட்டு, மை காயாமல் இருந்தது. அம்மா கட்டைவிரலை மையில் வைத்துச் சேர்த்த பணம், மகன் கட்டைவிரலைக் கண்ணாடியில் தேய்த்துப் போய்விட்டது. அந்தப் பையன் உயிரோடுதான் இருக்கிறான். அப்படி இல்லாமல் போன பிள்ளைகளின் செய்தியை நாம் எல்லோரும் பேப்பரில் படித்திருக்கிறோம்.

சட்டம் என்ன செய்தது? தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் தடைக்கு அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022 அக்டோபரில் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். ஆளுநர் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே வருசம் நவம்பரில் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் 'திறமை ஆட்டம்', அவற்றைத் தடை செய்யக்கூடாது என்றது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுவது எதுவானாலும் கூடாது என்று சட்டம் போட்ட பிறகுதான் பெரிய கம்பெனிகள் கடையை மூடின. ஐந்து வருசம், தோழர்களே. அந்த ஐந்து வருசமும் கம்பெனிகளைக் காப்பாற்றிய சொல் 'திறமை'.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 1967இல் உச்சநீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இவர்கள் வாதாடினார்கள். 1990இல் மண்டல் குழுப் பரிந்துரையை அமல்படுத்துவதாக அறிவித்தபோது தெருவில் இறங்கியவர்கள் சொன்னதும் இதே சொல்தான்: திறமை செத்துவிடும். நமக்கு மருத்துவ சீட்டு என்றால் திறமை இல்லை. உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக என்றால் திறமை இல்லை. ஆனால் நம்ம பையன் ராத்திரி ரெண்டு மணிக்கு உதவித்தொகைப் பணத்தில் ஐம்பது ரூபாய் கட்டினால் மட்டும் அவன் திறமைசாலி! வாங்குகிற இடத்தில் இல்லாத திறமை, இழக்கிற இடத்தில் வந்துவிடுகிறது. ஏகலைவனிடம் திறமை இருந்தது, கட்டைவிரலைக் கேட்டார்கள். இன்றைக்கு விரலை வெட்டுவதில்லை. வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, கதை. இந்தியாவிலிருந்து வந்து உலகம் பேசிய ஆட்டம் 'ராஜி', 2020இல் புனாக்காரர்கள் செய்தது. வித்தை காட்டிப் பிழைக்கும் ஒரு பெண், அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடிப் போகிறாள். நல்ல உழைப்பு, அழகான படம். ஆனால் ஆயுதம் கொடுப்பது துர்க்கை, கதை சொல்வது துர்க்கையும் விஷ்ணுவும், அடிபடுவது அசுரர்கள். அசுரன் என்று யாரைச் சொன்னார்கள் என்று அயோத்திதாசரும் பெரியாரும் கேட்ட மண்ணில் இருந்துகொண்டு நாம் அந்தப் பொத்தானை எப்படி அமுக்குவது? 2021 குடியரசு நாளில் வந்த 'ஃபௌஜி', கல்வான் எல்லைச் சண்டையை ஆட்டமாக்கியது. புராணம் அல்லது ராணுவம். இந்த இரண்டு வாசல்தான் திறந்திருக்கிறது.

2023இல் கனடாவின் டொரன்டோவிலிருந்து 'வெண்பா' வந்தது. 1988இல் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையல் கதை. இட்லி, புட்டு, பிரியாணி. கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பை வைத்து நாம் சமைக்க வேண்டும். 2024இல் பாஃப்டா விருது பெற்றது. ஆடும்போது எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. அடுத்த நிமிசம் எங்க அம்மாவின் அடுப்பு ஞாபகம் வந்தது. மாட்டுக்கறியை வார் வாராக அறுத்து, கொடியில் உப்புக்கண்டம் காயப்போடும் அம்மா. அதற்குக் குறிப்புப் புத்தகம் கிடையாது. அந்தச் சமையலை யார் ஆட்டமாக்குவார்கள்? வெண்பாவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அவர்களின் அம்மாவைச் சொன்னார்கள். நம் அம்மாவை நாம்தான் சொல்ல வேண்டும்.

“வலியை விளையாட்டாக்குவதா?” என்று கேட்பீர்கள். போலந்தில் 2014இல் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்று ஒரு ஆட்டம் செய்தார்கள். அதில் நீங்கள் சிப்பாய் இல்லை. முற்றுகையிடப்பட்ட நகரத்தில் சோற்றுக்கும் மருந்துக்கும் அலைகிற சாதாரண ஆள். 2020இல் அந்த நாட்டு அரசே அதை மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது. அப்படி யோசித்துப் பாருங்கள். 1892இல் வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம். ஆடுகிறவரின் கையில் தாத்தாவின் பெயர் மட்டும். வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், அ-பதிவேடு, சிட்டா, அடங்கல். ஒவ்வொரு மேசையிலும் “நாளைக்கு வா”. நிலத்தில் யாரோ ஒருவரின் செங்கல் சூளை. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடிப் பார்க்கிறவனுக்குத் தெரியட்டும். 1994இல் காரணை நிலத்துக்காக நாம் இரண்டு உயிரைக் கொடுத்தோம். அதைப் படிக்காத பிள்ளையும் இதை ஆடும்.

செய்ய முடியுமா? முடியும். கோடோ, பிளெண்டர் இரண்டும் காசில்லாமல் கிடைக்கிற கருவிகள். குஜராத்தில் சாலா என்கிற சிற்றூரில் ஒலியோமிங்கஸ் என்ற மிகச் சிறிய குழு, காலனிய வரலாற்றைக் கேள்வி கேட்கிற ஆட்டங்களைச் செய்து உலகத்துக்குக் கொடுக்கிறது. நமக்கு ஒரு கணினி, ஒரு விடுதி அறை, நாலு பேர் போதும். ஒருவர் எழுத, ஒருவர் வரைய, ஒருவர் நிரல் எழுத, ஒருவர் பறையடிக்க.

அதோடு இரண்டு கோரிக்கை. இந்தத் துறைக்கு அரசு கொடுக்கிற நிலம், மானியம், பயிற்சி மையம் எதுவானாலும் அதில் வேலைக்கும் படிப்புக்கும் இட ஒதுக்கீடு வேண்டும். நம் ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் வேலை செய்கிற கணினி வேண்டும். 'வேலை செய்கிற' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். விடுதியில் இருந்தவர்களுக்குப் புரியும்.

அந்த ஊர்த்தெரு நண்பன் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். போன மாதம் போனில் பேசினோம். “டேய், நீ ஜன்னல்ல நின்னு சொல்லிக் கொடுத்ததுலதான்டா நான் கான்ட்ராவை முடிச்சேன்” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது: ஏன்டா என்னை உள்ளே கூப்பிடவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். இருபத்தைந்து வருசமாகக் கேட்கவில்லை. உங்கள் தலைமுறை கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே நமக்கென்று ஒரு வீடும் கட்ட வேண்டும்.