டார்ச் வெளிச்சத்தில் ஒரு லென்ஸ்

வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தைப் பக்கம் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். இளைஞர்கள் பழைய தக்குமார், ஹீலியோஸ், நிக்கோர் லென்ஸ்களை ஆசையாக எடுப்பார்கள். கைப்பேசி விளக்கை உள்ளே அடிப்பார்கள். முகம் வாடிவிடும், திரும்ப வைத்துவிடுவார்கள். இன்றைய மிரர்லெஸ் கேமராவில் ஓர் அடாப்டர் போட்டால் அருமையாக வேலை செய்யக்கூடிய லென்ஸ்கள் அவை. எந்தக் குறைக்கு அஞ்ச வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பழைய லென்ஸ் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டார்ச் அடித்தால் புது லென்ஸில்கூடத் தூசி தெரியும். அது படத்தில் வராது. கண்ணாடிக்குள் ஓரிரு காற்றுக் குமிழி இருந்தாலும் கவலை வேண்டாம், அந்தக் காலத்து வார்ப்பில் அது சகஜம். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, டார்ச்சைப் பின்பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்து, முன்னாலிருந்து பாருங்கள். திருப்பிப் பிடித்தும் பாருங்கள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு வெள்ளைச் சுவரை நோக்கி ஒருமுறை. சாதாரண வெளிச்சத்திலேயே கண்ணில் படுகிற குறையைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

இப்போது பங்கஸுக்கு, அதாவது பூஞ்சணத்துக்கு, வருகிறேன். நம் ஊரில் பேச வேண்டியதே இதைத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அறுபது, எழுபதைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். கண்ணாடியின் ஓரத்தில் தொடங்கி, சிலந்தி வலை போல் நடுவை நோக்கிக் கிளை விடும். வளர வளர அமிலம் சுரக்கும். அந்த அமிலம் முதலில் மேற்பூச்சை அரிக்கும், அப்புறம் கண்ணாடியையே தின்னும். அதனால் பங்கஸ் இருக்கிறதா என்பதோடு கேள்வியை நிறுத்தாதீர்கள். துடைத்த பிறகு என்ன மிஞ்சும் என்று கேளுங்கள்.

கிள்ளானிலிருந்து ஓர் அம்மா, மறைந்த தம் அப்பாவின் 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டுவந்தார். அப்பா பத்திரமாகத் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். நேயர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். தோல் உறை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பூட்டிய அலமாரியில் காற்றோட்டம் கிடையாது. அன்போடு செய்த காரியமே பூஞ்சணத்துக்கு வீடாகிவிட்டது. பிரித்துத் துடைத்தேன். பூஞ்சண நூல்கள் போய்விட்டன. உட்கண்ணாடி ஒன்றின் மேற்பூச்சில் வேர் ஓடிய தடம் மட்டும் தங்கிவிட்டது. பகலில் எடுத்த படங்களில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் தெங்கு கிளானா சாலையின் கடை விளக்குகளை நேருக்கு நேர் எடுத்தபோது, ஒளியைச் சுற்றி மெல்லிய பால் படலம் தெரிந்தது. அவ்வளவுதான் சேதம். அந்த அம்மா அதே லென்ஸில் இப்போது பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்கிறார். எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம்.

அதே தடம் கடைசிக் கண்ணாடியில், அதாவது கேமரா பக்கம், இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். முன்கண்ணாடிக் கீறலைவிடப் பின்கண்ணாடிக் கீறல் படத்தை அதிகம் கெடுக்கும். விலை பேசும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீராகப் பரவிய புகைப் படலம் என்றால், உள்ளே போட்ட மசகு ஆவியாகிப் படிந்தது என்று எண்ணலாம். பெரும்பாலும் துடைத்தால் போகும், காலம் கடந்தால் கண்ணாடியில் பதிந்துவிடும். ஓரத்தில் வானவில் வளையமோ வெள்ளிக் கீற்றோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போகிறது. பழைய லென்ஸ்களில் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். மறுபடி ஒட்டுவது நுட்பமான வேலை, கூலி லென்ஸ் விலையைத் தாண்டும். நான் வாங்க மாட்டேன். சூப்பர் தக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 மஞ்சளாக இருந்தால் பயப்படாதீர்கள். பிந்திய வகைகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வயதானால் பழுப்பேறும். சில வாரம் வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் தெளிந்துவிடும். வெயிலில் வைக்கும்போது ஒளி குவிந்து எதையும் எரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. எந்த இடத்தில் குறை, இன்னும் வளர்கிறதா, எதிர்வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால் என்ன ஆகிறது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வெள்ளியை நீட்டுங்கள். வீட்டில் தாத்தா, அப்பா வைத்துப்போன லென்ஸ் இருந்தால், இன்று இரவே தோல் உறையிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். முடிந்தவர்கள் டிரை கேபினட் வாங்கி 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். அடுத்த தீபாவளிப் படங்களை அந்த லென்ஸில் எடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.