வேர்முடிச்சும் விலைக்கொள்கையும்

(மைசூருவில் உழவர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் தமிழில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அறிவியல் பயின்றவனல்லன். தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கட்சி ஆவணங்களை மொழிபெயர்த்து வருபவன். உரக்கொள்கை குறித்த கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கையில் ‘வேர்முடிச்சு’ என்னும் சொல்லில் தடைப்பட்டு நின்றேன். சொல்லைத் தேடிச் சென்றவன் பொருளில் சிக்கிக்கொண்டேன். அதுவே இன்றைய உரை.

இந்த வட்டாரத்துச் செம்மண் நிலங்களில் கேழ்வரகினூடே அவரையோ துவரையோ சால்விட்டு விதைப்பது பழைய வழக்கம். கன்னடத்தில் ‘அக்கடி’ என்பார்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகமும் எட்டு வரிசைக் கேழ்வரகுக்கு இரண்டு வரிசைத் துவரை என்று பரிந்துரைக்கிறது. அவரை போட்ட நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பதை உழவர்கள் அறிந்திருந்தார்கள். காரணத்தை 1880களில்தான் ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினார்கள். 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் அந்நுண்ணுயிரியை வேர்முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்கு ‘ரைசோபியம்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆயினும் எந்தச் செடியும் அதனை நேரடியாக உண்ண இயலாது. அதனை அம்மோனியாவாக மாற்றத் தொழிற்சாலைக்கு 400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். இயற்கை எரிவாயு வேண்டும். அதே வேலையை ரைசோபியம் நம் காலடி மண்ணின் வெப்பத்திலேயே செய்து முடிக்கிறது.

எவ்வாறு? பயறுச் செடியின் வேர் ஒருவகை வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அதனை உணர்ந்த நுண்ணுயிரி தன் பங்குக்கு மறு சமிக்ஞை விடுக்கிறது. வேர்த்தூவி சுருண்டு அதனை உள்ளே ஏற்கிறது. அங்கு முடிச்சு உருவாகிறது. செடி சர்க்கரை தருகிறது, நுண்ணுயிரி நைட்ரஜன் தருகிறது. ஒரு சிக்கல் உண்டு. இவ்வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெடும். நுண்ணுயிரியோ ஆக்சிஜன் இன்றி வாழாது. ஆகவே நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஒத்த ஒரு பொருள் முடிச்சினுள் உருவாகி, ஆக்சிஜனை அளந்தளந்து கொடுக்கிறது. முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

இங்கே ஒரு நுட்பம். மண்ணில் யூரியா மிகுந்திருந்தால் செடி முடிச்சு உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்குச் சர்க்கரை செலவழிப்பானேன் என்று அது கணக்குப் பார்ப்பதாகக் கொள்ளலாம். எனவே பயறுக்கு யூரியாவைக் கொட்டுவது, வேலை செய்யும் தொழிலாளியை நாமே வீட்டுக்கு அனுப்புவதாகும். பயறுக்கு மிகவும் தேவைப்படுவது மணிச்சத்து. அது குறைந்தால் முடிச்சும் குறையும்.

நம் அரசின் விலைக்கொள்கையோ இதற்கு நேர் எதிராக அமைந்திருக்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. யூரியாவை மட்டும் விலக்கி வைத்தது. அதற்குமுன் 500 ரூபாய்க்கும் குறைவாக விற்ற டிஏபி மூட்டை 1,350 ரூபாய்க்கு ஏறியது. 45 கிலோ யூரியா மூட்டையோ ஏறத்தாழ 266 ரூபாய். கையில் காசில்லாத உழவர் எதனை வாங்குவார்? அவரை அறியாமையில் இருப்பவர் என்று பேசும் வல்லுநர்கள் இந்த விலைப்பட்டியலை ஒருமுறை படிக்கவேண்டும். யூரியா விலையை ஏற்றுவது இதற்குத் தீர்வு என்று சொல்வோரும் உளர். அது சிறு உழவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதே. மணிச்சத்தின் விலையைக் குறைக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அடுத்து, பொட்டலம். ரைசோபியத்தை 200 கிராம் பொட்டலங்களில் விற்கிறார்கள். 2006இல் இவ்வகை உயிர் உரங்கள் உரக்கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வந்தன. தூள் வடிவ உரத்தின் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்கவேண்டும். ஆனால் இது உயிருள்ள சரக்கு. தகரக் கூரையின்கீழ் வெயிலில் அடுக்கிய கடையொன்றை நானே பார்த்தேன். அங்கு வாங்குவது பெரும்பாலும் வெறும் கரித்தூளாகவே இருக்கும். உற்பத்தியும் வைப்பும் வழங்கலும் பொதுத்துறையின், கூட்டுறவின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று நாம் கோருவது இதற்காகத்தான். வாங்கும்போது பயிரின் பெயரையும் பாருங்கள். சோயாவுக்கு உரிய வகை கொண்டைக்கடலைக்கு உதவாது. ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி உடனே விதைக்கவேண்டும். பூசணக்கொல்லி தடவுவதாயின் அது முந்தைய நாளே முடிந்திருக்கவேண்டும்.

இத்தனையும் செய்து விளைந்த பயறு விற்கவேண்டுமே! குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. கொள்முதல் நிலையமோ திறப்பதில்லை, திறந்தாலும் காலம் கடந்து திறக்கிறது. 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு மஞ்சள் பட்டாணியின் இறக்குமதித் தீர்வையை முற்றாக நீக்கியது. மலிவான பட்டாணி வந்து குவிந்தால் கலபுரகியின் துவரை உழவர் என்ன செய்வார்? பயறு கட்டுப்படியாகாவிட்டால் உழவர் பயறை விடுவார். பயறு போனால் முடிச்சும் போகும். அடுத்த பயிருக்கு யூரியா கூடும்.

உரையை நிறுத்துகிறேன். வாயிலருகே தட்டைப்பயறுச் செடிகள் சில வைத்திருக்கிறோம். பூக்கும் பருவத்தில் மண்ணோடு தோண்டி எடுத்தவை. நகத்தால் தள்ளினால் எளிதில் உதிர்வது நல்ல முடிச்சு. வேரோடு ஒட்டி வீங்கியிருப்பது நூற்புழுவின் வேலை, இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம். கிள்ளிப் பார்த்து நிறத்தைச் சொல்லுங்கள்.