அரசியல் வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இந்த ஆண்டு நம் கல்லூரிக்கு அரசியல் அறிவியல் ஆசிரியை ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். "என்ஜினீயரிங் காலேஜ்ல அரசியல் வாத்தியாருக்கு என்ன வேலை?" என்று காலையில் கேன்டீனில் இரண்டு தம்பிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். 2010-இல் நாங்களும் இதையே கேட்டோம்.

அப்போது வந்த சார் முதல் வகுப்பில் பட்டங்களைச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், நீங்க எந்தக் கட்சி?" என்றான். வகுப்பே சிரித்தது. சார் கோபப்படவில்லை. "வருஷக் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கப் பாருங்க. கண்டுபிடிச்சிட்டா, நான் சரியாப் பாடம் நடத்தலைன்னு அர்த்தம்" என்றார். (கடைசி வரை எங்களால் முடியவில்லை!)

பிறகு போர்டில் ஒரு மேல்நிலைத் தொட்டி வரைந்தார். படம் சுமார்தான், நாலு காலும் நாலு பக்கம் போயின. "கம்பி எவ்வளவு, சிமென்ட் எவ்வளவுன்னு நீங்க சொல்லிடுவீங்க. இது ஊர்ல எந்தப் பக்கம் நிக்கணும்னு யார் சொல்றது? அதைப் பேசத்தான் வந்திருக்கேன்."

கலெக்டர் என்றோம், மந்திரி என்றோம். ஊராட்சி என்று ஒருவரும் சொல்லவில்லை. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்ததும், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று அது 29 இனங்களைப் பட்டியலிட்டதும், குடிநீர் அதில் ஒன்று என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்று என் பிழைப்பே குடிநீர்த் திட்டம்தான். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை; தனி அலுவலர் நிர்வாகம். "கேள்வி கேட்க ஆளில்லை, வேலை வேகமா நடக்குது" என்று எங்கள் தொழிலில் சிலருக்குச் சந்தோஷம். வேகம் என்னவோ உண்மைதான். ஆனால் குழாயின் கடைசித் தெருவில் தண்ணீர் ஏறாது என்பதை வரைபடம் சொல்வதற்கு முன்னே, அந்தத் தெருவின் வார்டு உறுப்பினரம்மா எழுந்து சொல்லிவிடுவார். மூன்று வருஷம் அப்படி எழுந்து சொல்ல உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. கடைசித் தெரு என்பது பெரும்பாலும் எந்தத் தெரு என்று உங்களுக்கே தெரியும்.

அரசியல் சட்டப் பாடத்துக்கு கிரெடிட் கிடையாது, அட்டென்டன்ஸ் இருந்தால் போதும் என்று நினைக்கும் தம்பி தங்கைகளே, மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அன்றைக்குச் செல்போனை உள்ளே வையுங்கள். எந்தக் கட்சி என்றே கேளுங்கள், பரவாயில்லை. நாங்களும் அங்கேதான் ஆரம்பித்தோம்.

இன்னொரு விஷயம். அக்டோபர் 2 அன்று பக்கத்து ஊராட்சியில் கிராம சபை. பேசும் உரிமை அந்த ஊர் வாக்காளர்களுக்கு. நாம் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். மேடம் சம்மதித்துவிட்டார். வேன் செலவு எங்கள் 2012 செட்டுடையது. நாற்பது பேருக்குத்தான் இடம். பெயரை மேடத்திடம் கொடுங்கள்.