செவிலியர் கல்வி: பொறுப்பு முதல்வருக்கு, அதிகாரம் யாருக்கு?

(செவிலியர் கல்வி குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று சர் ஜோசப் போர் தலைமையிலான குழு அறிக்கை அளித்ததும் அதே ஆண்டில்தான். இன்றோ செவிலியர் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை தனியார் கையில் உள்ளன. அக்கல்லூரிகளின் முதல்வர்கள் சந்திக்கும் நெருக்கடியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஆண்டுக்கு 60 இடங்கள் என்றால் நான்காண்டுப் படிப்பில் 240 மாணவர்கள். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விதிப்படி 24 ஆசிரியர்கள் தேவை. வார்டில் ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்பது அளவுகோல். ஒரே நேரத்தில் 60 பேர் பயிற்சிக்குச் சென்றால் 180 நோயாளிகள் இருக்க வேண்டும். ஆசிரியரை நியமிப்பதும், ஊதியத்தை முடிவு செய்வதும், மருத்துவமனையோடு ஒப்பந்தம் போடுவதும் நிர்வாகம். ஆய்வுக் குழு வரும்போது பதில் சொல்ல வேண்டியவரோ முதல்வர்! பற்றாக்குறையைச் சொன்னால் வேலை போகும். மறைத்தால் மனசாட்சி போகும்.

மறைத்ததன் விளைவை மத்தியப் பிரதேசம் காட்டியது. போதிய கட்டடமும் ஆசிரியரும் இன்றியே கல்லூரிகள் அனுமதி பெற்றதாக எழுந்த புகார்களை விசாரிக்க உயர் நீதிமன்றம் சிபிஐக்கு உத்தரவிட்டது. 2024இல், சாதகமான அறிக்கை தர லஞ்சம் பெற்றதாக சிபிஐ அதிகாரிகளே கைது செய்யப்பட்டனர். இதற்கிடையே தேர்வும் முடிவும் தாமதமாகித் தவித்தவர்கள் மாணவர்கள். ஊசி போடக் கற்றுக்கொள்ளாமல் பட்டம் பெறுபவரிடம் கையை நீட்டப் போகிறவர் ஏழை நோயாளி.

ஆசிரியர் பற்றாக்குறைக்கும் காரணம் தனியே இல்லை. சான்றிதழைப் பிடித்துவைக்கும் ஒப்பந்த முறைக்கும் குறைந்த ஊதியத்துக்கும் எதிராக 2011-12இல் கேரளச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. அதுவும் பல மாநிலங்களில் ஏட்டளவில் நிற்கிறது. படித்தவர்கள் வெளிநாடு செல்வதில் வியப்பென்ன? மேற்படிப்பு முடித்து வகுப்பறைக்கு வர யார் மிஞ்சுவார்கள்?

2023இல் ஒன்றிய அரசு 1,570 கோடி ரூபாயில் 157 புதிய கல்லூரிகளை அறிவித்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்து கல்லூரிகள் வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் நிரந்தர ஆசிரியர் இன்றிக் கட்டடம் மட்டும் கற்பிக்காது. அதே ஆண்டில் நிறைவேறிய தேசிய செவிலியர் ஆணையச் சட்டமோ அதிகாரத்தை மேலும் மேலே கொண்டு செல்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநில கவுன்சிலும் ஒரு செவிலியரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. இனி தேர்தல் இல்லை, நியமனமே.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஆசிரியர் பணியிடங்கள் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். குறைகளை வெளிப்படையாகச் சொல்லும் முதல்வருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஆய்வறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆணையத்தில் செவிலியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அமர வேண்டும். இவை ஒரு தொழிற்பிரிவின் சலுகைக்கான கோரிக்கைகள் அல்ல. அரசு மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் உழைப்பாளியின் உயிருக்கானவை. செவிலியர் சங்கங்களோடு மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கைகோத்தால் இவற்றை வென்றெடுக்க முடியும்.