போன வருஷக் காசுக்கு என்ன நடந்தது?

(திருகோணமலையில் இயங்கும் ஒரு தர்ம ஸ்தாபனக் கிளையின் பொருளாளரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பெரும்பாலும் அவர் பேசியபடியே தருகிறோம்.)



கடற்கரையில் இருந்து வந்தவளுக்கு மலையில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்கும் எங்களுக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. நீங்கள் விடியற்காலையில் றொட்டி தட்டுகிற கோதுமை மாவில் எத்தனையோ மூடை எங்கள் சீனக்குடா ஆலையில் அரைபட்டு வந்தது. உங்கள் மலையில் பெய்கிற மழை மகாவலியாகி, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது இதை எல்லோரும் கண்ணாலே பார்த்தோம். இங்கே மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அதே மழைத் தண்ணீர் கீழே வந்து வெருகல், மூதூர்ப் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் மூடியது. அழுத இடம் இரண்டாக இருந்தாலும் தண்ணீர் ஒன்றுதான்.

எங்கள் கிளையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பெயர் எடுக்க வரவில்லை. ஒரு கடன் இருக்கிறது, அதைச் சொல்ல வந்தேன். அதற்கு முன், எங்கள் கிளையில் ஒரு வருஷம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். உங்கள் சங்கங்களுக்கு அது பயன்படக்கூடும்.

பத்து மாதம் சேர்ப்பு, இரண்டு மாதம் கொடுப்பு

உங்களுக்கு வைகாசி, ஆனியில் மழை பிடிக்கும். எங்களுக்கு அப்போது வெயில் கொளுத்தும். எங்களுடைய மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில், வடகீழ்ப் பருவக் காற்றோடு வருகிறது. மீன்பிடி வள்ளங்கள் கரையிலே கிடக்கும். கூலி வேலை நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் உதவி கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஆனால் மழை பெய்யும்போது நன்கொடை சேர்க்கவும் முடியாது, கொடுக்கக்கூடியவர் கையிலும் இருக்காது. ஆகவே வெயில் காலத்தில் சேர்த்து மழைக் காலத்தில் கொடுக்கிறோம். எறும்பு செய்கிற வேலைதான்.

தைப்பொங்கல் முடிந்ததும் வருடாந்தப் பொதுக் கூட்டம். கணக்கு வாசிக்காமல் புதிய நிருவாகம் தெரிவு செய்வதில்லை. மாசியில் சிவராத்திரி. கோணேசர் கோயில் பிரட்றிக் கோட்டைக்குள்ளே சுவாமி மலையின் உச்சியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இரவு முழுக்க ஜனம் நடக்கும். வழியிலே தேத்தண்ணிப் பந்தல் போடுவோம். தேத்தண்ணிக்குக் காசில்லை. பக்கத்தில் ஒரு உண்டியல் இருக்கும், விரும்பினவர் போடலாம். ஒரு வருஷம் கோட்டையில் திரிகிற மான்கள் வந்து, பந்தலுக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் பாதிச் சீப்பைத் தின்றுவிட்டன. அதையும் கணக்கில் எழுதினோம். "மானுக்குத் தானம்" என்று வாசித்தபோது சபை சிரித்தது.

சித்திரையில் புதுவருஷ விளையாட்டு. கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை, வழுக்குமரம். வெசாக் காலத்தில் பக்கத்துச் சிங்கள மக்களோடு சேர்ந்து தன்சல். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் ஆட்களோடு சேர்ந்து கஞ்சி. இவற்றால் பெரிய வருமானம் இல்லை. பிறகு ஏன் செய்கிறோம்? முப்பது வருஷம் யுத்தம் நடந்த மாவட்டம் எங்களுடையது. ஒரே மேசையில் நின்று கோப்பை கழுவிய மூன்று இனத்து ஆட்களும், வெள்ளம் வந்தால் ஒரே வள்ளத்தில் ஏறுவார்கள். இதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம்.

இரத்தம் குறைந்த பெண்கள்

ஜூன் 14 உலக இரத்ததான தினம். இரத்த வகைகளை 1901இல் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெயினர் பிறந்த நாள் அது. அன்றையை ஒட்டி ஒரு முகாம் வைப்போம். இதில் காசு சேராது. ஆனால் வருஷத்தில் நாங்கள் செய்கிற மிகப் பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம்.

18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர், 50 கிலோவுக்குக் குறையாத நிறை இருந்தால், நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். ஆசையோடு வருகிற எத்தனையோ பெண்களை, "அம்மா, உங்களுக்கே இரத்தம் காணாது" என்று திருப்பி அனுப்ப வேண்டி வருகிறது. உங்களிடம் இதைச் சொல்லக் காரணம் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்து மாத்திரைக்கும் இது பொருந்தும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலையை வளர்க்கிறவர்களிடம் தேயிலையைக் குறை சொல்லவில்லை. நேரத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். முருங்கைக் கீரை, நெத்தலி, பருப்போடு ஒரு பாதி தேசிக்காய், இவை பெரிய செலவும் இல்லை.

இசை நிகழ்ச்சி தந்த பாடம்

ஆடி, ஆவணியில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் நிறைய வருவார்கள். அப்போது உணவுச் சந்தை வைப்போம். ஆளுக்கொரு பலகாரம் வீட்டிலே செய்து கொண்டுவருவார்கள். செலவு குறைவு, வருமானம் நிச்சயம்.

ஒரு வருஷம் எங்களுக்கு ஆசை பெருத்துவிட்டது. "எத்தனை நாளைக்கு வடை சுட்டுக்கொண்டிருப்பது? பெரிய இசை நிகழ்ச்சி வைப்போம்" என்று தீர்மானித்தோம். மேடை, ஒலிபெருக்கி, வெளிச்சம், பாடகர்களின் வாகனம், சாப்பாடு என்று முற்பணம் கொடுத்தாயிற்று. அன்று பின்னேரம் காற்றும் மழையும். ஜனம் வரவில்லை. சேர்த்து வைத்திருந்த காசிலிருந்து எடுத்துக் கடன் அடைத்தோம். அந்தக் காசு, மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற நோயாளிகளின் பஸ் கூலிக்காக ஒதுக்கி வைத்தது. அந்த வருஷம் சிலருக்கு, "இப்ப இல்லை, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்ல வேண்டி வந்தது. சொன்னவள் நான்தான். அந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கணக்குப் பழகினோம். உதாரணத்துக்குச் சொல்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்கு 60,000 ரூபா செலவு, டிக்கற் 200 ரூபா என்று வையுங்கள். 300 டிக்கற் விற்கும் வரை ஏழைக்கு ஒரு சதமும் இல்லை. 301ஆவது டிக்கற்றில்தான் தருமமே தொடங்குகிறது. ஆகவே நிகழ்ச்சி வைக்க முன், "எத்தனையாவது டிக்கற்றில் தருமம் தொடங்கும்?" என்று கேட்போம். பதில் பெரிய எண்ணாக இருந்தால் வடையே போதும் என்று விட்டுவிடுவோம்.

மீன் சந்தையில் ஒரு கேள்வி

புரட்டாதியில் கொடி விற்பனை. அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தகர உண்டியலோடு கடைத் தெருவுக்கும் பஸ் நிலையத்துக்கும் மீன் சந்தைக்கும் போவோம். அப்படிப் போன ஒரு நாள், மீன் விற்கிற ஒரு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டா:

"ரீச்சர், போன வருஷமும் எனக்கு ஒரு கொடி குத்தினீங்க. அந்தக் காசுக்கு என்ன நடந்தது?"

எனக்கு வாய் திறக்க முடியவில்லை. கணக்கு என் வீட்டு அலுமாரியில் இருந்தது. ஒரு சதம் பிழை இல்லை. ஆனால் காசு தந்த அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் வாசித்தோம், கூட்டத்துக்கு வந்தவர்கள் நாங்கள்தானே!

இந்தக் கேள்வி புதியது அல்ல. முதலாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, வருஷா வருஷம் நவம்பர் 11இல் இலங்கையில் பொப்பிப் பூ விற்றார்கள். சேர்ந்த பணத்தில் பெரும் பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. யுத்தத்துக்குப் போய் வந்த இலங்கையருக்குக் கிடைத்தது கொஞ்சம். 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் இதைக் கேள்வி கேட்டு, அதே நாளில் சூரிய மல் விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்றால் நம்முடைய பூவரசம் பூ. 1933இல் டொரீன் என்ற ஆங்கிலப் பெண்மணியும் அந்த இயக்கத்துக்கு ஆதரவாக எழுதினார். பின்னாளில் டொரீன் விக்கிரமசிங்க என்று பாராளுமன்ற உறுப்பினரானவர் அவர்தான். 1934, 1935இல் மலேரியா வந்து ஏறத்தாழ 80,000 பேர் இந்நாட்டில் இறந்தபோது, சூரிய மல் தொண்டர்கள் மருந்தும் உணவும் கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் 1936இல் தோன்றியதும் அந்த மலேரியாவின் பிறகுதான். ஆக, "எங்கள் காசு எங்கே போகிறது?" என்று கேட்டதால் தருமம் கெட்டுப்போகவில்லை, வளர்ந்தது.

அந்த மீன் விற்கிற அம்மாவுக்குப் பிறகு நாங்கள் மூன்று காரியம் செய்தோம். ஒன்று, பத்து ரூபா தந்தாலும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. உண்டியல் என்றால் இரண்டு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி, இருவரும் கையெழுத்து. இரண்டு, வங்கியில் காசு எடுக்க இரண்டு கையொப்பம், அந்த இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. மூன்று, சேர்த்த இடத்திலேயே கணக்கு. மீன் சந்தையில் சேர்த்த காசுக்கு மீன் சந்தைச் சுவரிலே ஒரு தாள் ஒட்டுவோம். சேர்ந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, கொடுத்தது இன்ன காரியத்துக்கு. உதவி பெற்றவரின் பெயர் மட்டும் போடுவதில்லை. வறுமையைச் சுவரில் ஒட்டக் கூடாது.

எழுத்து வாசிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சரி, குத்துங்க கொடியை" என்றா. அவ்வளவுதான்.

என் கடன்

இப்போது என் கடனுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுனாமி வந்தது. நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் கொண்டுபோனது. பள்ளிக்கூடங்கள் எல்லாம் முகாம்கள்.

சில நாளில் நாங்கள் வேலை செய்த முகாமுக்கு ஒரு லொறி வந்தது. அரிசி, உடுப்பு, அதோடு பைகளில் தேயிலைத் தூள். "தோட்டத்து ஆளுக சேத்துக் குடுத்தாங்க" என்றான் கூட வந்த பையன். இறக்கினோம். லொறி திரும்பிப் போனது. எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நன்றி என்று ஒரு கடிதம் போடவில்லை. போடுவதற்கு விலாசம் இல்லை.

ஆகவே இப்போது கணக்குச் சொல்கிறேன். அரிசி முகாமின் பொதுச் சமையலுக்குப் போனது. உடுப்பில் பிள்ளைகளுடையதை வயதுவாரியாகப் பிரித்துக் கொடுத்தோம். கம்பளிச் சட்டைகள் இருந்தன. மலைக் குளிருக்குத் தைத்தவை. அவற்றைக் கைக்குழந்தைகளுக்கு இரவில் போர்த்தினோம். தேயிலைத் தூளை ஒவ்வொரு விடியற்காலையும் பெரிய கிடாரத்தில் ஊற்றினோம். கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய் இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தா. உங்கள் தேயிலையில் ஒரு சிட்டிகையும் வீண் போகவில்லை.

அனுப்பியது இந்தத் தோட்டமா, பக்கத்து மலையா, தெரியாது. அதனால் எந்த மலைக்குப் போனாலும் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். பிந்தித்தான் சொல்கிறேன். மன்னியுங்கள்.

சகோதரிகளே, உங்களிடம் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, திருவிழாக் கமிட்டி இருக்கிறது, சீட்டுப் பிடிக்கிறீர்கள். தருமம் செய்ய உங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். சந்தா கட்டுகிறவர்கள், "போன வருஷக் காசுக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. பொறுப்பில் இருக்கிறவர்கள், அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். பிரட்டுக் களத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்ட என்ன செலவு? வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசித்துக் காட்டட்டும். கணக்கில் பெண்களையும் கையொப்பம் வைக்க விடுங்கள். கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கண் சங்கக் கணக்கையும் பார்க்கட்டும்.

திருகோணமலைக்கு வந்தால் கோணேசரையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்துவிட்டு எங்கள் பந்தலுக்கும் வாருங்கள். ஒரு கோப்பைத் தேத்தண்ணி தருவோம். அதற்குக் காசில்லை.